மரத்தடி மூடாக்கு: களை போகுமா, பாம்பு வருமா?

கேள்வி, 3 மார்ச் 2023

வீட்டைச் சுற்றி மூன்று மா, ஒரு பலா, இரண்டு எலுமிச்சை, நான்கு தென்னை. கார்த்திகை மழைக்கு முளைத்த களை இன்னும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பார்த்தீனியம், கோரை, சாரணை, பேர் தெரியாதது இன்னும் பல. மரத்தடியில் சருகைக் குவித்து மூடாக்குப் போட்டால் களையே வராது என்கிறார் நண்பர். பாம்புக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போகிறீர்களா என்று மாமியார் கேட்கிறார். பேசாமல் களைக்கொல்லி அடித்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச் 2023, இரவு

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மாமியார் சொல்வதில் முக்கால்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். செம்மண். வீட்டைச் சுற்றிப் பதினைந்து சென்ட். மரங்கள் ஏறக்குறைய உங்களிடம் இருப்பவைதான், கூட ஒரு வேம்பும் முருங்கையும். பத்துப் பன்னிரண்டு வருடமாக மூடாக்குப் போடுகிறேன். அதில் முதல் நான்கு வருடம் தப்பாகப் போட்டேன்.

களையால் செத்த மரம் எங்கள் கொல்லையில் இதுவரை ஒன்றுகூட இல்லை. களை எடுக்கப் போய்ச் செத்தவை மூன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மிச்சம் நாளை. கரண்ட் போய்விட்டது.

4 மார்ச் 2023

அந்த மூன்றின் கதை.

முதலாவது இரண்டு வயது ஒட்டு மா. ஆள் கிடைக்கவில்லை என்று புல் வெட்டும் மிஷினோடு ஒருவரை வரச்சொன்னேன். நைலான் நரம்பு சுற்றும் மிஷின். அரை மணி நேரத்தில் கொல்லையே மொட்டை அடித்ததுபோல ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம். மாங்கன்றின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை சுற்றிலும் உரிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இலை இரண்டு மாதம் பச்சையாகவே இருந்தது, அப்புறம் ஒரே வாரத்தில் காய்ந்தது. இலையில் செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். வழி அறுந்தால் வேர் கையிருப்பைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகும். அதனால்தான் உடனே தெரிவதில்லை. குற்றவாளி போய் இரண்டு மாதம் ஆன பிறகுதான் பிணம் விழுகிறது!

இரண்டாவது நெல்லி. மண்வெட்டியால் அருகம்புல்லைச் செதுக்கும்போது அடித்தண்டில் ஒரு வெட்டு. வெட்டியது நான்தான். அந்தக் காயத்தில் கரையான் ஏறியது.

மூன்றாவது எலுமிச்சை. இது மூடாக்குக்குப் பலி. அதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் சொல்லும் 'குவித்து' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

4 மார்ச் 2023, மாலை

எலுமிச்சைக்கு அடித்தண்டில் ஈரம் நின்றால் ஆகாது. மண்ணில் இருக்கும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி அந்த ஈரத்தில் பட்டைக்குள் ஏறும். பட்டை வெடித்துப் பிசின் வடியும். நான் வேப்பஞ்சருகை அள்ளிக்கொண்டுபோய் எலுமிச்சையின் இடுப்பு வரை குவித்திருந்தேன். பார்ப்பதற்குக் கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க அது நனைந்தபடியே இருந்தது. தையில் சருகை விலக்கிப் பார்த்தால் பட்டை ஊறிப்போய் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. பிசின் வடிந்து கீழே காய்ந்து கிடக்கிறது. சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசினேன் (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இந்தக் கணக்கில் கொஞ்சமாக). காலம் கடந்துவிட்டது.

எலுமிச்சைக்கு இரட்டை வட்டப் பாத்தி போடச் சொல்வதும் இதற்காகத்தான். தண்டைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு, அதற்கு வெளியே தண்ணீர் நிற்கும் வட்டம். தண்ணீருக்கு என்ன விதியோ அதுதான் சருகுக்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் மூடாக்கு தொடங்க வேண்டும். மரத்துக்குப் போர்வை வேண்டாம், மண்ணுக்குத்தான் வேண்டும். கனம் நாலு விரற்கடை. அமுங்கி இரண்டு விரற்கடை ஆனதும் மேலே இன்னும் கொஞ்சம். அகலம் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு, கிளை நிழல் விழும் எல்லை வரை போனால் நல்லது. தண்ணீர் உறிஞ்சும் பொடிவேர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தண்டடியில் குவிப்பதால் வேருக்கு ஒரு லாபமும் இல்லை.

7 மார்ச் 2023

தென்னைக்கு என்ன போடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேங்காய் மட்டையைவிட நல்லது இல்லை. மரத்தைச் சுற்றி ஆறு அடி ஆரமுள்ள வட்டத்தில் நூறு மட்டை பிடிக்கும். குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்குங்கள், மழைத்தண்ணீரைக் கிண்ணம் போலப் பிடித்து வைக்கும்.

8 மார்ச் 2023

நேற்று எழுதியது தப்பு. கிண்ணம் மேலே பார்க்க வைப்பது மட்டையைக் குழி வெட்டிப் புதைக்கும்போது. மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடும்போது முதுகு மேலே, குழிவு கீழே. வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையும் அப்படித்தான்: 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் முதுகு மேலாக நூறு மட்டை, அல்லது காய்ந்த தென்னை ஓலை பதினைந்து, அல்லது 10 செ.மீ. கனத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு. மூன்றில் எது கைவசம் இருக்கிறதோ அது.

காரணம் யோசித்தாலே தெரிகிறது. புதைத்த மட்டை தண்ணீரைப் பிடித்து வேருக்குக் கொடுக்க வேண்டும், அதனால் கிண்ணம். மேலே கிடக்கும் மட்டை வெயிலைத் தடுக்க வேண்டும், அதனால் கூரை. கூரையைத் தலைகீழாகப் போட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு வரும். டெங்கு ஆய்வுக்கு வருகிறவர் என் வீட்டில் முதலில் போய் நிற்கும் இடம் தென்னையடிதான். ஒருமுறை நூறு மட்டையையும் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் நேற்று மறந்துவிட்டது.

15 மார்ச் 2023

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. அவர் கணக்கில் கொல்லை என்றால் விளக்குமாற்றுக் கோடு தெரிய வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து கூட்டி, ஒரு மூலையில் குவித்து, தீ வைத்துவிடுவார். மாசி, பங்குனியில் வேம்பு ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும், அம்மா ஒரு பக்கம் எரித்துக்கொண்டே இருப்பார். நான் பரப்பியதை அவர் கூட்டுவார், அவர் கூட்டியதை நான் பரப்புவேன். நாலு வருடம் இந்தக் கூத்து நடந்தது.

ஆனால் வெறுந்தரை என்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. எது ஊர்ந்தாலும் தெரியும். காலை இருட்டில் கொல்லைக்குப் போகிற வீட்டில் அது சின்ன விஷயமா? சருகுக்குள் தேள், பூரான் இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். சருகுக்காகப் பாம்பு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வரும். எலி வைக்கோலுக்கும் குவியலுக்கும் வரும். ஆக, மாமியாரை ரொம்பவும் எதிர்த்துப் பேச வேண்டாம்.

எங்கள் வீட்டு உடன்படிக்கை: வாசல், கிணற்றடி, துணி காயப்போடும் இடம், நடைபாதை இவற்றிலிருந்து பத்தடிக்குள் மூடாக்கு கிடையாது. அது அம்மா எல்லை. அதற்கு அப்பால் என் எல்லை. இருட்டினால் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. சருகில் நேரடியாகக் கை வைப்பதில்லை, முதலில் குச்சியால் கிளறிவிட்டுத்தான். இதுவரை பாம்பு வந்தது இரண்டு முறை. இரண்டும் குளியலறைக்குள். மூடாக்கு அங்கே இல்லை.

16 மார்ச் 2023

கோழி வளர்க்கிறீர்களா? வளர்த்தால் மேலே நான் சொன்ன எல்லா அளவையும் மறந்துவிடுங்கள். நாலு விரற்கடை கனமும் ஒரு சாண் இடைவெளியும் ஒரு காலைப்பொழுது தாங்காது.

2 ஏப்ரல் 2023

களைக்கொல்லி பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

கிளைபோசேட்டைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். முதலில் சட்டம்: 2022 அக்டோபரில் மத்திய அரசு இதற்குக் கட்டுப்பாடு போட்டது. பூச்சி ஒழிப்புப் பணி செய்யும் உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் தெளிக்க வேண்டும். கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கிறார்களே என்றால், கொடுக்கிறார்கள்தான்.

சட்டத்தை விடுங்கள், மரத்துக்கு என்ன ஆகும்? 2019இல் நானே அடித்தேன். காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, கைத்தெளிப்பானைத் தாழ்த்திப் பிடித்து, ரொம்பக் கவனமாக. எலுமிச்சை (செத்தது இல்லை, இன்னொன்று) அடியிலிருந்து இரண்டு போத்து (புதுக்கிளை) கிளம்பியிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. அந்தப் பச்சைப் போத்து வழியாக மருந்து மரத்துக்குள் போய்விட்டது. அடுத்த துளிர் வந்தபோது இலை ஊசி மாதிரி, நூல் மாதிரி ஒல்லியாக வந்தது. நோய் என்று நினைத்து நுண்ணூட்டம் எல்லாம் தெளித்துக் காசைக் கரியாக்கினேன். மரம் தேற ஒரு வருடம் ஆனது. இளமரத்தின் பட்டை பச்சையாக இருந்தால் பட்டை வழியாகவும் இழுக்கும். பப்பாளிப் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள்.

பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் (லிட்டருக்கு 200 கிராம்) அடிக்கலாம் என்பது உண்மைதான், சாலையோரத்துக்கும் தரிசுக்கும். மரத்தடியில் வேண்டாம். உப்பு எங்கே போகும்? வேருக்குத்தான்.

கேள்வியில் பேர் சொன்ன மூன்று களையில் பார்த்தீனியம்தான் சுலபமானது. பூக்கும் முன் மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டுப் பிடுங்கினால் வேரோடு வரும். விதையில்லாமல் பிடுங்கியதை அப்படியே மூடாக்காகவும் போடலாம். தோல் அரிப்பு, மூச்சுத் தொல்லை இருப்பவர்கள் தொடவே வேண்டாம். இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள், சைகோகிராம்மா. முதுகில் கோடு போட்ட சின்ன வண்டு. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எப்போதாவது கண்ணில் படும். பசி போதாத வண்டு போல.

19 ஏப்ரல் 2023

"மூடாக்குப் போட்டும் கோரை வருகிறது, நீங்கள் சொன்னது பொய்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. கோரைக்கு மூடாக்கு பயன்படாது, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

விதையில் முளைக்கும் களையை மூடாக்கு தடுக்கும். சாரணை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி, குப்பைமேனி இவற்றுக்கெல்லாம் வெளிச்சம் வேண்டும். கோரை கிழங்கில் முளைக்கிறது. முளை ஊசி மாதிரி. சருகு என்ன, கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வந்ததைப் பார்த்தேன். ஷீட் வாங்கிய 1,400 ரூபாய் போனது.

எனக்குப் பலித்தது ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களைக்கொத்தியால் முளையை எடுத்துக்கொண்டே இருப்பது. இலை விட்டுக் கிழங்குக்குச் சோறு அனுப்ப விடக் கூடாது. ஒரு பருவம் முழுக்க விடாமல் செய்தால் பாதியாகும். அடுத்த வருடம் அதில் பாதி. மூடாக்கு இருந்தால் மண் இளகி இருப்பதால் கிழங்கோடு வருகிறது, அந்த அளவுக்கு உதவி. அப்புறம் மரம் வளர்ந்து நிழல் கட்டினால் கோரை தானாகவே நலியும், அதற்கு நிழல் ஆகாது. என் மாவடியில் இப்போது கோரை இல்லை. பெருமை எனக்கில்லை, மாவுக்கு.

நாட்டுமருந்துக் கடையில் இதே கிழங்கைத்தான் முத்தக்காசு என்று எடைபோட்டு விற்கிறார்கள். என் கொல்லையில் ஒரு மூட்டை எடுக்கலாம். வேண்டியவர்கள் கடப்பாரையோடு வரவும்.

20 ஏப்ரல் 2023

முதல் நாள் சொன்ன வீராப்பைக் கொஞ்சம் திருத்துகிறேன். களையால் மரம் சாகவில்லை என்பது வளர்ந்த மரத்துக்கு. கன்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரே நாளில் நட்ட இரண்டு கொய்யா. ஒன்றின் அடியில் அருகம்புல் மெத்தை, இன்னொன்றைச் சுற்றி மூன்றடிக்குச் சருகு. இரண்டாம் வருடம் ஒன்று என் இடுப்பு உயரம், மற்றது என் தலைக்கு மேல். தண்ணீரும் உரமும் இரண்டுக்கும் ஒன்றுதான் கொடுத்தேன். புல் குடித்தது போக மிச்சம்தான் முதல் கன்றுக்கு.

முதல் மூன்று வருடம் தண்டைச் சுற்றி மூன்றடி புல் இல்லாமல் இருக்கட்டும். புல் இல்லை என்றால் மண்வெட்டியும் மிஷினும் அங்கே போக வேலையில்லை. மூடாக்கால் எனக்குக் கிடைத்த பெரிய லாபமே இந்தக் காவல்தான், ஈரம்கூட அடுத்தபடி.

9 மே 2023

கோடை மழை நேற்று. கால் மணி நேரத் தூறல். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சும்மா இருந்தேன். இன்று சருகை விலக்கினால் கீழே மண் புழுதி. மழையைச் சருகே குடித்துவிட்டது. சின்ன மழைக்கு மூடாக்கு குடைதான். சொட்டு நீர்க்குழாய் இருந்தால் சருகுக்கு அடியில் போடுங்கள். குடத்தில் ஊற்றுகிறவர்கள் விலக்கிவிட்டு ஊற்றுங்கள், அல்லது ஒரே தடவையில் நிறைய ஊற்றுங்கள். தினம் ஒரு செம்பு என்பது சருகுக்கு அபிஷேகம்.

28 ஜூன் 2023

எதைப் போடுவது என்ற கேள்விக்கு, நான் போட்டுக் கெட்டதைச் சொல்கிறேன்.

வைக்கோல் போட்டேன். நெல் முளைத்தது, கூடவே வயல் களையும் முளைத்தது, எலி வந்தது. சீமைக்கருவேல் மிலார் நறுக்கிப் போட்டேன். முள் செருப்பைத் துளைத்தது, நானும் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அட்டைப்பெட்டி விரித்தேன். கரையானுக்கு அல்வா. கரையான் பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும், தேறிய மரத்துக்குப் பயமில்லை. கன்றுக்குப் பக்கத்தில் வேண்டாம், போட்டே ஆக வேண்டுமானால் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு தூவிவிட்டுப் போடுங்கள். நிலக்கடலைத் தோல் எங்கள் பக்கம் கிடைக்கும், நல்ல சரக்கு, காற்றில் பறப்பது ஒன்றுதான் குறை.

பச்சை நார்க்கழிவை மூடாக்காகப் போடாமல் மண்ணோடு கொத்திவிட்டேன் ஒருமுறை. செடியெல்லாம் வெளுத்தது. அதில் கரிச்சத்து நூறு பங்கு என்றால் தழைச்சத்து ஒரு பங்குதான். மக்க வைக்கும் நுண்ணுயிர் தன் பங்குத் தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கும். மேலே சும்மா கிடந்தால் இந்தத் தொல்லை மேல்மண்ணோடு போய்விடும். கொத்த வேண்டுமானால் காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வைத்த பிறகு கொத்துங்கள்.

இப்போது போடுவது மாவிலை, பலாவிலை, வேப்பிலை, தென்னை ஓலை. காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. பலாவிலை தடித்தது, ஒரு வருடம் தாங்கும். நம்மூர்ப் பலா தரையை ஒட்டியும் காய்க்கும் என்பதால் ஒரு விஷயம்: வேர்ப்பலாவின் மேல் ஈரச்சருகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் அழுகிவிடும். நான் கோட்டைவிட்ட பழம் கூடை கொள்ளாத பழம். ஆடி வரைக்கும் வீட்டில் பேச்சு வாங்கினேன்.

11 அக்டோபர் 2023

தென்னை வைத்திருப்பவர்களுக்கு அவசரமாக. மூடாக்கைப் பரப்பலாம், குவித்து மக்கவிடக் கூடாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கிய குவியலிலும் எருக்குழியிலும் பட்ட மரத்திலும்தான்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் கொல்லையில் ஏழு தென்னை விழுந்தது. ஊரே விழுந்து கிடந்தபோது யாரிடம் போய் அப்புறப்படுத்தச் சொல்வது? ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. பிளந்து பார்த்தால் உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு அந்த வண்டின் வெள்ளைப் புழு, அரைவட்டமாகச் சுருண்டு. புயலுக்குத் தப்பி நின்ற மரங்களின் குருத்தை வண்டு குடைந்து, விரிந்த ஓலையில் விசிறி வெட்டு விழுந்தது அதற்குப் பிறகுதான். நேற்று மூலையில் கிடந்த பழைய சருகுக் குவியலைக் கிளறினேன், அதே புழு பதினொன்று. கோழிகளைக் கூப்பிட்டு விட்டேன். மார்ச்சில் அவற்றைத் திட்டியதற்கு மன்னிப்பு.

வண்டைப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்சட்டிகளில் வைக்கிறேன். நாற்றம் பொறுக்க முடியாது. வண்டு மட்டும் தேடிவந்து விழுகிறது.

22 அக்டோபர் 2023

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். எலுமிச்சையடியில் சருகு அருமையாகப் பரப்பியிருக்கிறார், ஒரு சாண் தள்ளி. ஆனால் நடுவில் விட்ட இடம் பள்ளமாக இருக்கிறது. மழை வந்தால் அது குளம். மண்ணை அணைத்துத் தண்டுப் பக்கம் கொஞ்சம் மேடாக்குங்கள், ஒட்டுப்போட்ட இடம் மூடாமல். இந்த வாரமே செய்யுங்கள், பருவமழை காத்திருக்காது.

மாமியார் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே?

4 மார்ச் 2024

வேம்பு மறுபடி கொட்டத் தொடங்கியிருக்கிறது. அம்மா இப்போது எரிப்பதில்லை. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் பத்து வருடம் சொன்னதற்கு மரியாதை இல்லை. இன்று காலை கூட்டியதை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் அவரே மாவடியில் கொட்டினார். தண்டோடு ஒட்டிக் கொட்டிவிட்டு வந்தார்.

ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே போனதும் போய் ஒரு சாண் விலக்கிவிட்டு வந்தேன்.